தொட்டிக்கு முன் திரும்பவும்

விமானி இருக்கையில் அவள் உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே தெரிவது கருவிப் பலகை மட்டும்தான், வானம் தெரியாது. அந்தச் சின்ன விமானத்தைச் செய்தவர்கள் ஆறடி ஆண்பிள்ளை ஒருவனை மனத்தில் வைத்துக்கொண்டு இருக்கையைச் செய்துவிட்டார்கள். அதற்காக வானத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? பல் மருத்துவமனை ஒன்றில் கழற்றிப் போட்டிருந்த நாற்காலியின் பச்சை ரெக்சின் மெத்தையை அவள் கணவன் கேட்டு வாங்கி வந்து கொடுத்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போவாள். விமான நிலையத்தில் அவளுக்கு ‘மெத்தை’ என்று பேர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேரே. அவள் சண்டைக்குப் போகவில்லை. ஒருநாள் வானொலியிலேயே, “மெத்தை பேசறேன், இறங்க அனுமதி கொடுங்க” என்று சொல்லிவிட்டாள். கேலி செய்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

அவளுடைய அப்பா பஸ் ஓட்டினவர். மகள் விமானம் ஓட்டப் படிக்கிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து புத்தி சொன்னார்கள். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது? மேலருந்து விழுந்தா யாரு பொறுப்பு?” என்று ஒரு சித்தப்பா கேட்டார். “ஆம்பளப் பிள்ளை விழுந்தா யாரு பொறுப்போ, அவங்கதான்” என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பிரேக்கு எங்க இருக்குன்னு மொதல்ல கேட்டுக்கோ” என்று மட்டும் சொன்னார். பயிற்சிப் பள்ளியில் விமானங்களைக் கழுவிக் கழுவி, கழுவின கையோடு ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

இப்போது அவள் ஓட்டியது ஆறு பேர் உட்காரும் ஒற்றை இயந்திர விமானம். சதுப்பு நிலத்துக்கு அப்பால் இருந்த ஒரு சிற்றூருக்கு அறுவை சிகிச்சை மருத்துவரையும் ரத்தப் பைகளையும் கொண்டுபோவாள். அங்கிருந்து நோயாளிகளைக் கொண்டுவருவாள். சாலை வழியாகப் போனால் சதுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு பகல் முழுவதும் ஆகும். குடல்வால் வெடித்தவன் அந்தப் பகலைத் தாங்க மாட்டான்.

அந்த ஊரின் ஓடுதளம் கைக்குட்டை அகலம் என்று விமானிகள் சொல்வார்கள். நீளமும் அதற்கேற்றபடிதான். ஒரு முனையில் மலை. மறுமுனைக்குச் சற்றுத் தள்ளி வேலி. வேலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெடிமருந்துக் கிடங்கு என்றார்கள் சிலர்; யாரோ பெரிய மனிதரின் ஓய்வு மாளிகை என்றார்கள் சிலர். மேலேயிருந்து பார்த்தால் புல்தான் தெரிந்தது. அந்தப் புல்லுக்கு மேலே உள்ள காற்றும் தடை செய்யப்பட்டது. பூமிக்கு வேலி போட்டுப் பழகியவர்கள் வானத்துக்கும் போட்டுவிட்டார்கள்.

அங்கே காற்று எப்போதும் மலைப்பக்கமிருந்துதான் வரும். காற்றுக்கு எதிரே இறங்குவதுதான் பத்திரம் என்பதால், மலையைப் பார்த்தபடி இறங்க வேண்டும். அதற்கு முதலில் ஓடுதளத்தை ஒட்டி வேலியை நோக்கிப் பறந்துபோய், வேலி வருவதற்குள் இடப்பக்கம் அரைவட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது? விமானிகளின் கையேட்டில் ஒரே வரி இருந்தது: ‘தண்ணீர்த் தொட்டிக்கு முன் இடப்புறம் திரும்பவும்.’ இடம் காட்டும் கருவி விமானத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அவ்வளவு தாழ்வான திருப்பத்தில் குனிந்து கருவியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நிமிரும்போது மரக்கிளையைப் பார்க்க நேரிடும். கண் வெளியேதான் இருக்க வேண்டும். தொட்டி கண்ணில் பட்டால் திரும்பு. அவ்வளவுதான் பாடம், எல்லா விமானிகளும் அப்படித்தான் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள்.

ஒரு வியாழக்கிழமை அப்படித் திரும்பி, மருத்துவரை இறக்கிவிட்டு, ஊர் வந்து சேர்ந்தபோது அவளுக்கு நோட்டீஸ் காத்திருந்தது. தடை செய்யப்பட்ட வானத்துக்குள் அத்துமீறி நுழைந்தாளாம். விசாரணை முடியும்வரை அந்த ஓடுதளத்துக்குப் பறக்கக் கூடாது.

விசாரணை அதிகாரியின் அறையில் ஏசி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மேசைமேல் இருந்த பேனாவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பேனாவையே நம்பாத இடத்தில் நம்மை எங்கே நம்பப் போகிறார்கள் என்று நினைத்தபடி அவள் உட்கார்ந்தாள். அதிகாரி கெட்டவரல்ல. ஒரு காலத்தில் அவரும் விமானி. நாற்காலிக்கு வந்த பிறகு தொப்பை மட்டும்தான் மேலே ஏறியது.

“கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்து போட்டுடுங்க மேடம். மூணு மாசம் ஓய்வு. அதோட முடிஞ்சுது.”

“நான் தொட்டிக்கு முன்னாடிதான் சார் திரும்பினேன்.”

“வேலிக்காரங்க போன வருஷம் புது ரேடார் வச்சிருக்காங்க. அது சொல்லுது, நீங்க உள்ள போனீங்கன்னு. ரேடார் பொய் சொல்லுமா?”

“சொல்லாது. நானும் சொல்லல. ரெண்டு பேரும் உண்மை சொன்னா, நடுவுல மூணாவதா யாரோ பொய் சொல்றாங்கன்னு அர்த்தம். அது யாருன்னு பாக்க வேணாமா?”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களுக்கு நல்லது சொல்றேன். ஏற்கெனவே ஒரு பையன் இதே மாதிரி உள்ள போயி, ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டிருக்கான். நீங்க ரெண்டாவது. விமானிங்களால சமாளிக்க முடியாத இடம்னு சொல்லி, அந்த ஓடுதளத்தையே மூடிடலாம்னு மேலிடத்துல பேச்சு இருக்கு.”

“அப்ப நான் கையெழுத்து போட்டா மூடுறதுக்கு வசதியா இருக்கும். இல்லையா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாளியில் தண்ணீர் சொட்டியது. அவள் மெத்தையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “அடுத்த வாரம் வரைக்கும் டைம் குடுங்க சார். கையெழுத்து எங்கயும் ஓடிப் போயிடாது. பேனாவத்தான் கட்டிப் போட்டிருக்கீங்களே.”

அவள் கணவன் பல்செட் கட்டுகிறவன். வீட்டு முன்னறைதான் பட்டறை. ஜன்னல் விளிம்பு முழுக்க ஊரார் தாடைகள் வெள்ளை ஜிப்சம் மாவு அச்சுகளாகக் காய்ந்துகொண்டிருக்கும். அவள் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அவன் ஒரு கடைவாய்ப் பல்லை அரத்தால் ராவிக்கொண்டே கேட்டான்.

“மூணு மாசம் வீட்ல இருந்தா நல்லதுதானே பைலட்டம்மா? காயப் போட்ட தாடையெல்லாம் எடுத்து வைக்க எனக்கும் ஒரு ஆள் ஆச்சு.”

“கிண்டலா?”

“கிண்டல்தான். நீ கையெழுத்து போட மாட்டேன்னு எனக்குத் தெரியும். அப்புறம் கிண்டல் பண்ணாம வேற என்ன பண்றது?” அரத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். “நெஜமா சொல்லு. ஒரு நிமிஷம் அசந்து போயிருக்கலாம் இல்லையா?”

“இருக்கலாம். நானும் மனுஷிதான். ஆனா அசந்ததுன்னா அசந்ததுன்னு தெரியணும். தெரியாமலே ஒத்துக்க மாட்டேன்.”

முதலில் கையெழுத்துப் போட்ட அந்தப் பையனை அவளுக்கு நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் செண்டுமாகத்தான் விமானம் ஏறுவான். தினமும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் மாதிரி இருப்பான். கையெழுத்துப் போட்ட பிறகு நிறுவனம் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. இப்போது அதே விமான நிலையத்தில் பெட்ரோல் வண்டி ஓட்டுகிறான். மற்றவர்களின் விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிறான். செண்டு வாசனை போய்ப் பெட்ரோல் வாசனை வந்துவிட்டது.

வண்டிக்குப் பின்னால் குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தவனை அவள் பிடித்தாள்.

“மாப்பிள்ள, அன்னிக்கு நீ எங்க திரும்பின?”

“விடுக்கா. என் நேரம் சரியில்ல.”

“எங்க திரும்பினன்னு கேட்டேன்.”

“தொட்டிக்கு முன்னாடிதான். எப்பவும் திரும்புற எடம்.”

“அப்புறம் ஏன்டா கையெழுத்து போட்ட?”

அவன் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “ரேடார்னு சொன்னாங்கக்கா. படம் போட்டுக் காமிச்சாங்க. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு.”

அவளுக்குச் சுரீர் என்றது. ஒருவன் வேலையைப் பிடுங்குவது ஒரு அநியாயம். அவன் கண்ணால் கண்டதை அவனையே சந்தேகப்பட வைப்பது அதைவிடப் பெரிய அநியாயம். அதற்கு ‘நேரம்’ என்று ஒரு பெயரும் வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

“உன் நேரமும் என் நேரமும் ஒரே மூலையில வந்து எப்படிடா சரியில்லாம போகும்? அன்னிக்குக் காத்து எப்படி?”

“மலைப்பக்கமிருந்து. பலமா அடிச்சுது.”

“எனக்கும்தான். வேலியப் பாத்துப் போறப்ப முதுகுல பிடிச்சுத் தள்ளிச்சு. தள்ளினதுல திருப்பம் அகலமாயிருக்கும். அது சரி. ஆனா இந்தக் காத்து நேத்திக்கா புதுசா வந்தது? வருஷக்கணக்கா இதே காத்துல இதே தொட்டிகிட்ட திரும்பிட்டுதானே இருந்தோம்?”

“அப்ப ரேடார் இல்லையே.”

“ரேடார் இல்லன்னா என்ன, கண்ணு இருந்துச்சே. வேலி எவ்வளவு தூரத்துல இருக்கும்? இப்ப கொஞ்ச நாளா எனக்கு வேலி ரொம்பக் கிட்டத் தெரியுது. உனக்கு?”

மாப்பிள்ளை குழாயைக் கீழே வைத்தான். “ஆமாக்கா. ஆனா நான் ஒண்ணு சொல்லட்டுமா? கடைசி ரெண்டு வருஷம் நான் எவ்வளவு அழகா இறக்கிட்டிருந்தேன் தெரியுமா? டம்ளர்ல தண்ணி வச்சா தளும்பாது. கை அப்படிப் பழகிடுச்சு. அந்த நேரம் பாத்து இப்படி ஆயிடுச்சேன்னுதான்...”

அவளுக்கும் அது நினைவுக்கு வந்தது. மருத்துவர்கூட ஒருநாள், “இப்பல்லாம் நீங்க இறக்குறதே தெரியலம்மா” என்று பாராட்டியிருந்தார். அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம் அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

மறுநாள் அவள் அந்த ஊருக்குப் பஸ்ஸில் போனாள். மேலேயிருந்து ஆயிரம் தடவை பார்த்த ஊர். தரையில் கால் வைத்து நடந்ததே இல்லை. இறக்குவாள், ஏற்றுவாள், கிளம்பிவிடுவாள். கீழேயிருந்து பார்த்தால் ஊர் வேறு மாதிரி இருந்தது. மேலிருந்து தகரப் பெட்டிகளாகத் தெரிந்தவை பள்ளிக்கூடமும் டயர் கடையும் மரப்பட்டறையுமாக மாறின. தொட்டியை மட்டும் தேட வேண்டியிருக்கவில்லை. நாலு கால்களில் நிமிர்ந்து, பெயிண்ட் மங்காமல், பளிச்சென்று நின்றது. அதன் நிழலில் தோளில் நீளமான இரும்புச் சாவியோடு ஒருவர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவர்.

“தொட்டி நல்லா இருக்கே. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சீங்களா?”

“அடிக்கிறதென்னம்மா, தொட்டியே புதுசு. ரெண்டு வருஷம் இருக்கும். பழசு ஒழுகிச்சுன்னு இடிச்சுட்டாங்க.”

“இடிச்சுட்டு அதே இடத்துல கட்டினாங்களா?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க ஒண்ணு. அதே இடத்துல எப்படிக் கட்டுவாங்க? புதுசு முடியிற வரைக்கும் ஜனங்க நாக்கைத் தொங்கப் போட்டுட்டு இருப்பாங்களா? பழசு நிக்கும்போதே இங்க கட்டி, குழாய மாத்தி விட்டுட்டு, அப்புறந்தான் அத இடிச்சாங்க.”

“பழசு எங்க இருந்துச்சு?”

“அதோ, டயர் கடைக்குப் பின்னால. கால நாலையும் முழுசாப் பிடுங்கல. முள்ளு மண்டிக் கெடக்கு.” சாவியால் ஓடுதளம் இருந்த பக்கம் காட்டினார். “ஏம்மா, தண்ணி ஆபீசா?”

“இல்லைங்க. வான ஆபீஸ்” என்றாள்.

முள்ளை விலக்கிக்கொண்டு போய் நின்றபோது நாலு கான்கிரீட் கட்டைகள் இடுப்புயரத்துக்கு நின்றன. மேலிருந்து பார்த்தால் பச்சை முள்தான் தெரியும். அங்கிருந்து திரும்பிப் புதுத் தொட்டியைப் பார்த்தாள். அதற்கும் வேலிக்கும் நடுவே ஒரு பொட்டல் மட்டும்தான். பழைய தொட்டியில் திரும்பினால் வேலிக்கு ஏகப்பட்ட இடம் மிச்சம். பலமான காற்று தள்ளினாலும் மிச்சம். புதுத் தொட்டியில் திரும்பினால் அமைதியான நாளில் வேலியை உரசிக்கொண்டு போகலாம். பலமாகக் காற்றடிக்கிற நாளில் உள்ளே போகாமல் இருக்க முடியாது.

அவள் அங்கேயே ஒரு கட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். தொட்டி வேலிப் பக்கம் தள்ளிப் போனதும் திரும்பி வருகிற தூரம் கூடியிருக்கிறது. தூரம் கூடினதும் நிதானமாக இறங்க நேரம் கிடைத்திருக்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் டம்ளர் தண்ணீர் தளும்பவில்லை. விமானிகள் அத்தனை பேரும் தங்கள் கைதான் பழகிவிட்டது என்று அவரவர் முதுகை அவரவரே தட்டிக்கொண்டார்கள். இறக்கம் கரடுமுரடாகியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். நன்றாகிவிட்டது; யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. தண்ணீர் அலுவலகம் தொட்டி கட்டியது. தன் வேலையைச் செய்தது. வேலிக்காரர்கள் ரேடார் வைத்தார்கள். தங்கள் வேலையைச் செய்தார்கள். கையேடு போடுகிறவர்கள் பழைய வரியை வருஷா வருஷம் அச்சடித்தார்கள்; அவர்களும் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். மூன்று அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தன. நடுவில் பறந்தவனைப் பிடித்து, கவனம் போதாது என்று பெட்ரோல் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“முள்ளுக்குள்ள நாலு கட்டை இருக்குன்னு நான் மேல போய்ச் சொன்னா சிரிப்பாங்க மேடம். தொட்டி எங்க இருந்தாலும் வேலி வேலிதானே, ஏன் பாக்கலைன்னு கேப்பாங்க.”

“சொல்ல வேணாம். என்கூட வந்து பக்கத்து சீட்ல உக்காருங்க. காத்து நல்லா அடிக்கிற நாளாப் பாத்துப் போவோம். பழைய தொட்டி இருந்த இடத்துல திரும்பறேன். ரேடார் என்ன சொல்லுதுன்னு பாருங்க. உள்ள வந்தேன்னு சொன்னா நீங்க நீட்டுற காகிதத்துல எல்லாம் கையெழுத்து போடறேன்.”

அவர் யோசித்தார். அப்போதுதான் அவருக்குள் இருந்த பழைய விமானி எழுந்து உட்கார்ந்தது தெரிந்தது. “அவ்வளவு கிட்டத் திரும்பினா உயரம் கொறைய எடம் இருக்காது. காத்தடிக்கிற நாள்ல... அந்தக் குட்டி ஓடுதளத்துல இறக்கிடுவீங்களா?”

“ரெண்டு வருஷம் முன்னால வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் சார் இறக்கினோம். இப்ப சொகுசு பழகிடுச்சு. அவ்வளவுதான்.”

“ஒரு தடவை பறந்து காட்டலாம். ஒரே தடவை.”

“சரி.”

மேலேயிருந்து பார்த்தால் கட்டைகள் தெரிய வேண்டும். பட்டறை மூலையில் ஈரம் பட்டுக் கெட்டுப்போன மாவு மூட்டைகள் கிடந்தன. பல்லுக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்தவை. கணவன் அவற்றைக் கட்டித் தூக்கினான். மாப்பிள்ளையும் அரிவாளோடு பஸ் ஏறினான். “இதுல எனக்கென்ன வேலைக்கா, என் கதைதான் முடிஞ்சுதே” என்று முனகிக்கொண்டே ஏறினான். முள்ளை அவன் வெட்டினான். கணவன் மாவைக் கரைத்துக் கட்டைகளின் தலையிலும் சுற்றித் தரையிலும் கெட்டியாகப் பூசினான்.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு பெரிய பல்லு நான் பாத்ததில்ல. இந்த வாய் யாரோடதோ தெரியல, ரொம்பப் பொய் பேசியிருக்கு. வேர் மட்டும்தான் மிச்சம்” என்றான் கணவன்.

பறக்கிற நாளில் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. விமானம் ஏறும்போதே குலுங்கியது. அதிகாரி இடுப்புப் பட்டையைத் தொப்பைக்குக் கீழே இழுத்து இறுக்கிக்கொண்டார். சதுப்பு நிலம் கீழே பழுப்பாக ஓடியது. மலை தெரிந்தது; ஓடுதளம் ஒரு கீறல் மாதிரி தெரிந்தது. அவள் அதை ஒட்டி வேலியை நோக்கித் திரும்பினாள். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. எதிரே புதுத் தொட்டி வா வா என்று நின்றது. இரண்டு வருஷப் பழக்கம் அவள் கையை அதை நோக்கி இழுத்தது. பார்வையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

டயர் கடைக்குப் பின்னால் நாலு வெள்ளைக் கடைவாய்ப் பற்கள்.

“அதோ சார்” என்று சொல்லிக்கொண்டே திருப்பினாள். இறக்கை சரேலென்று சாய்ந்தது. காற்று தள்ளத் தள்ள விமானம் வேலிப் பக்கம் வழுக்கியது. அவள் விடவில்லை. திருப்பம் முடிந்து மூக்கு மலையைப் பார்த்தபோது வேலி தூரத்தில் பத்திரமாகக் கிடந்தது. ஆனால் ஓடுதளம் எதிரே இல்லை. கிட்டத்தட்டக் கீழே இருந்தது. உயரம் அதிகம். மூக்கை அழுத்தினால் வேகம் கூடும். வேகத்தோடு தொட்டால் பிரேக்கு பிடிக்குமுன் மலையடிவாரம் வந்துவிடும்.

ஓடுதளத்தின் ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை ஒன்று கம்பத்தில் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பத்தைத் தாண்டுவதற்குள் சக்கரம் தரையைத் தொடவில்லை என்றால் இறங்குவதில்லை என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கம்பம் கடந்தது. சக்கரம் தொடவில்லை. தரை இதோ, ஒரு ஆள் உயரம்தான். அவள் இயந்திரத்தை முழு வேகத்துக்கு முடுக்கி, விமானத்தைத் தூக்கி, மலை வருவதற்குள் இடப்பக்கம் திருப்பினாள்.

அதிகாரி இருக்கையைப் பிடித்திருந்த கையை எடுத்தார். “அவ்வளவுதானா? ஒரு தடவைன்னு பேச்சு.”

“ஒரு தடவை பறக்கறதுன்னுதான் பேச்சு. இன்னும் பறந்துட்டுதானே சார் இருக்கோம்?”

“பயந்துட்டீங்களோன்னு...”

“மருத்துவர் உக்காந்திருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன். உங்களுக்காக மலையில மோதறதுக்குப் பதிலா நான் கையெழுத்தே போட்டிருக்கலாம்.”

அவர் பட்டையை இன்னொரு தடவை இறுக்கினார். அவள் கைக்குள் வியர்த்திருந்ததைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டாள். தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொகுசு காலத்தில், திரும்பின பிறகுதான் இறங்கத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பழைய காலத்தில் திருப்பத்துக்கு முன்னாலேயே உயரத்தைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கை அதை மறந்திருந்தது. புத்தி மறக்கவில்லை.

இரண்டாவது தடவை ஓடுதளத்தை ஒட்டி வரும்போதே இறக்கையின் பின்மடல்களைத் தாழ்த்தினாள். வேகம் குறைந்தது, உயரம் குறைந்தது. டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. நாலு பற்கள் இறக்கை நுனிக்கு நேரே வந்தன. திருப்பினாள். வேகம் குறைகிறது என்று எச்சரிக்கிற ஹாரன் ஒரு விக்கல் விக்கியது, மூக்கை மயிரிழை தாழ்த்தினாள், நின்றது. காற்று இப்போது முகத்தில் அடித்தது. ஓடுதளம் எதிரே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. மெத்தைமேல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

சக்கரம் தொம்மென்று விழுந்தது. கம்பம் இன்னும் முன்னால்தான் இருந்தது. பிரேக்கை மிதித்தாள். அதிகாரியின் மூக்குக்கண்ணாடி மடியில் வந்து விழுந்தது. மலையடிவாரத்துக்கு முன்னால், இன்னும் கொஞ்சம் ஓடுதளம் மிச்சம் இருக்க, விமானம் நின்றது.

ஓடுதளக் கொட்டகையிலிருந்து அதிகாரி ரேடார் அறைக்குத் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து விமானத்தின் இறக்கையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு தடவையும் வரலயாம். கிட்டக்கூட வரலயாம்.”

“அப்ப?”

“கையேட்டுல அந்த வரிய மாத்தச் சொல்லிடறேன். உங்க மேல இருக்கறத ரத்து பண்ணிடறேன். நாளைலருந்து நீங்க பறக்கலாம்.”

“மாப்பிள்ளை?”

“யாரு?”

“கையெழுத்து போட்ட பையன்.”

அதிகாரி தலையைச் சொறிந்தார். “அது முடிஞ்சு போன விஷயம் மேடம். அவனே ஒத்துக்கிட்டான்.”

“அவன் பாக்காத ஒண்ணை நீங்க ஒத்துக்க வச்சீங்க. அன்னிக்குக் காத்து எப்படி அடிச்சதுன்னு இங்க பதிவு இருக்கும். அவன் திரும்பின எடமும் உங்க ரேடார் படத்துலயே இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அவன் புதுத் தொட்டிக்கு முன்னாடிதான் திரும்பினான்னு தெரிஞ்சுடும். கையேடு சொன்னதைச் செஞ்சவனுக்குத் தண்டனை, கையேடு போட்டவங்களுக்குத் திருத்தமா? என் ஒருத்தியோட பறக்கற உரிமைய மட்டும் வாங்கிட்டுப் போக நான் வரல.”

“இங்க நின்னு நான் எப்படி முடிவு பண்றது?”

“இங்க வேணாம். ஏறுங்க, வீட்டுக்குக் கொண்டு போய் விடறேன். இறங்கற வரைக்கும் உங்களுக்கும் வேற வேலை இல்ல. யோசிங்க. இல்லன்னா பஸ் இருக்கு. ஒரு பகல் முழுக்க யோசிக்கலாம்.”

அவர் ஏறினார். சதுப்பு நிலத்தின் பாதியில், ஒரு காற்றுக் குலுக்கலுக்கு நடுவே, “மனு ஒண்ணு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நான் மறு விசாரணைக்கு எழுதறேன்” என்றார். அவள் தலையசைத்தாள். அவர் மனம் மாறுவதற்கு இடம் கொடுக்காமல் நேராக ஓட்டினாள்.

புதுக் கையேடு வந்தபோது அதில் ‘அடையாளக் குறிப்பு புதுப்பிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. யாருடைய தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. வெள்ளையடித்த நாலு கட்டைகளைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்று மூன்று அலுவலகங்களும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. அதுவரை பல்செட் கட்டுகிறவன்தான் மாவோடு பஸ் ஏறி வந்து பூசிவிட்டுப் போனான்.

மறு விசாரணை இழுத்தடித்தது. அவள் ஒவ்வொரு முறையும் மெத்தையோடு போய் அந்த அறையில் உட்கார்ந்தாள். வாளி மாறியது, ஏசி மாறவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் கையெழுத்தை ரத்து செய்தார்கள். அவன் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டான்.

அவன் மறுபடி அந்த ஓடுதளத்துக்குப் பறந்த முதல் நாள், அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் அவன் கண் புதுத் தொட்டிக்குப் போனது. அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள். அவனே கீழே பார்த்தான், பற்களைக் கண்டான், திருப்பினான். காற்றும் பலமாகத்தான் இருந்தது. சக்கரம் தொம்மென்று விழுந்து, ஒரு தடவை எகிறி, மறுபடி விழுந்து ஓடியது. விமானம் நின்றதும் இயந்திரத்தை அணைத்துவிட்டு அவன் முகத்தைச் சுளித்தான்.

“சே, அசிங்கமா இறக்கிட்டேன்க்கா. டம்ளர் வச்சிருந்தா டம்ளரே பறந்திருக்கும்.”

“கம்பத்துக்கு முன்னாடி தரையத் தொட்டுட்டியா?”

“தொட்டேன்.”

“வேலிக்கு வெளியவா திரும்பின?”

“ரொம்ப வெளிய.”

“அப்ப எறங்கு. பின்னால டாக்டர் காத்திருக்காரு” என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.